முழங்காலைத் தட்டினால் முதுகு பேசும்

முதலில் ஒரு விளையாட்டு. இரண்டு பேர் வேண்டும், கொஞ்சம் உயரமான மேசை ஒன்று வேண்டும். சுத்தியல் வேண்டாம். வீட்டில் ஆணி அடிக்கிற சுத்தியல் எந்த அலமாரியில் இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். அது அங்கேயே இருக்கட்டும்.

ஒருவர் மேசை விளிம்பில் ஏறி உட்காருங்கள். பாதம் தரையில் படக் கூடாது, கால் தளர்வாகத் தொங்க வேண்டும். முழங்காலின் முன்னால் வட்டமாக ஓர் எலும்பு கைக்குத் தட்டுப்படும். அது முழங்கால் சில்லு. அதற்கு நேர் கீழே விரலை வைத்து அழுத்திப் பாருங்கள். எலும்பாகவும் இல்லாமல் சதையாகவும் இல்லாமல் விறைப்பாக ஒரு பட்டை இருக்கும். அதன் பெயர் தசைநாண். தொடையின் முன்பக்கத்துப் பெரிய தசையைக் கீழ்க்கால் எலும்போடு கட்டிவைத்திருப்பது அதுதான். மற்றவர் பக்கவாட்டில் நின்றுகொண்டு, உள்ளங்கையின் ஓரத்தால் அந்தப் பட்டையில் பட்டென்று ஒரு தட்டு தட்டுங்கள். எதிரே நிற்காதீர்கள். நின்றால் உதை உங்களுக்குத்தான்.

கால் துள்ளியதா? துள்ளவில்லை என்றால் பயப்பட வேண்டாம். பெரும்பாலும் தட்டிய இடம் தப்பாக இருக்கும், அல்லது உட்கார்ந்திருப்பவர் காலை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருப்பார். அதற்கும் ஒரு தந்திரம் உண்டு. இரண்டு கை விரல்களையும் கொக்கி போட்டுக் கோத்துக்கொண்டு, பல்லைக் கடித்து, இரு பக்கமும் பலமாக இழுக்கச் சொல்லுங்கள். அவர் இழுத்துக்கொண்டிருக்கும்போதே தட்டுங்கள். சும்மா இருந்த கால் இப்போது எகிறும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஹங்கேரி நாட்டு மருத்துவர் யெண்ட்ராசிக் கண்டுபிடித்த தந்திரம் இது. கையை இறுக்கும்போது தண்டுவடத்தில் உள்ள நரம்பு செல்கள் கொஞ்சம் உசுப்பேறுகின்றன. காலைக் காவல் காத்துக்கொண்டிருந்த கவனமும் கைக்குப் போய்விடுகிறது. இன்றைக்கும் மருத்துவர்கள் பலர் இதைச் செய்கிறார்கள்.

சரி, உதைத்தது யார்? உட்கார்ந்திருந்தவர் "நான் உதைக்கவில்லை" என்பார். அவர் சொல்வது உண்மை.

தட்டியதும் தசைநாண் உள்ளே அமுங்குகிறது. அதனால் தொடைத் தசை ஒரு மயிரிழை நீள்கிறது. தசைக்குள்ளே, நாரோடு நாராக, நீளத்தை அளக்கிற நுண்ணிய உறுப்புகள் புதைந்திருக்கின்றன. அவற்றுக்குத் தசைக்கதிர்கள் என்று பெயர். தசை நீண்டுவிட்டது என்று அவை உடனே சேதி அனுப்புகின்றன. சேதி ஒரு நரம்பு இழையில் ஏறித் தொடையைக் கடந்து, இடுப்பைக் கடந்து, முதுகெலும்புக்குள் இருக்கும் தண்டுவடத்தைத் தொடுகிறது. அங்கே இன்னொரு நரம்பு செல் சேதியை வாங்கி, வாங்கிய கையோடு 'சுருங்கு' என்ற கட்டளையை அதே தொடைத் தசைக்குத் திருப்பி அனுப்புகிறது. பின்தொடைத் தசைக்கு 'நீ இப்போது இழுக்காதே' என்று தனியாக ஒரு சேதி போகிறது. தொடைத் தசை சுருங்குகிறது, கால் எகிறுகிறது.

நீங்கள் தட்டியதிலிருந்து தொடைத் தசை விழித்துக்கொள்ளும் வரை ஆகிற நேரம் ஒரு நொடியில் ஐம்பதில் ஒரு பங்குதான். ஒருமுறை கண் சிமிட்டவே நொடியில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் ஆகும். மூளையைக் கேட்டுவிட்டுச் செய்ய நேரம் கிடையாது. மூளைக்குத் தகவல் பிறகுதான் போகிறது. இப்படி மூளையின் உத்தரவுக்குக் காத்திராமல் நடப்பதை அனிச்சைச் செயல் என்கிறோம்.

உடம்பு இதை ஏன் வைத்திருக்கிறது? மருத்துவர் சுத்தியலால் தட்டுவார் என்பதற்காக அல்ல. ஓடுகிற பஸ்ஸில் கம்பியைப் பிடிக்காமல் நின்று பாருங்கள். டிரைவர் பிரேக் போட்டதும் முழங்கால் மடங்கப் பார்க்கும். மடங்கினால் தொடைத் தசை நீளும். நீண்டதும் அனிச்சையாகவே சுருங்கிக் காலை நிமிர்த்தும். நிற்கும்போதும் நடக்கும்போதும் இந்த வேலை ஓயாமல் நடந்துகொண்டே இருக்கிறது. நமக்குத்தான் தெரிவதில்லை.

மனிதர்கள் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக மேசையிலும் திண்ணையிலும் முழங்காலை இடித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். ஆனாலும் இதை வைத்து நோயைக் கண்டுபிடிக்கலாம் என்று மருத்துவ இதழில் எழுத 1875 வரை யாரும் வரவில்லை. அந்த ஆண்டு ஒருவருக்கு இரண்டு பேர் வந்தார்கள். ஜெர்மனியில் ஹைடல்பெர்க் நகரத்து வில்ஹெல்ம் எர்ப், பெர்லின் நகரத்து கார்ல் வெஸ்ட்ஃபால். இரண்டு பேரும் தனித்தனியாகக் கண்டுபிடித்து, ஒரே இதழின் ஒரே வெளியீட்டில் தனித்தனிக் கட்டுரை எழுதினார்கள். கட்டுரைகள் ஒன்றாக வந்தாலும் கருத்து ஒன்றாக இல்லை. தண்டுவடம் வரை போய்த் திரும்புகிற அனிச்சைச் செயல் இது என்றார் எர்ப். இல்லை, தட்டியதும் தசையே நேராகத் துள்ளுகிறது என்றார் வெஸ்ட்ஃபால். எர்ப் சொன்னதுதான் சரி என்பது உறுதிப்பட வெகுகாலம் ஆனது. அதில் பெரிய பங்கு சார்ல்ஸ் ஷெரிங்டனுக்கு. லண்டன் இஸ்லிங்டனில் 1857-ல் பிறந்தவர், 1932-ல் நோபல் பரிசு வாங்கியவர். தசையை இழுத்தால் அது தண்டுவடத்தின் வழியாகவே எதிர்த்து இழுக்கிறது என்பதை 1924-ல் லிடெல் என்பவரோடு சேர்ந்து தெளிவாகக் காட்டினார்.

இனி லண்டனுக்குள் போகலாம். ரஸல் ஸ்கொயர் ரயில் நிலையத்தில் இறங்கிச் சில நிமிடம் நடந்தால் குவீன் ஸ்கொயர் வரும். நீளமான சின்னப் பூங்கா, அதில் ஓர் அரசியின் சிலை, சுற்றிலும் கட்டடங்கள். அந்தக் கட்டடங்களில் ஒன்றுதான் நரம்பு நோய்களுக்கான தேசிய மருத்துவமனை. நரம்பு நோய்க்கு மட்டும் என்று இங்கிலாந்தில் முதலில் தோன்றிய மருத்துவமனை இது. ஜொஹானா சாண்ட்லர் என்ற பெண், தங்கை லூயிஸா, தம்பி எட்வர்ட் மூவரையும் வளர்த்த பாட்டிக்குப் பக்கவாதம் வந்தது. அப்படிப்பட்ட நோயாளிகளை வைத்துப் பார்க்க அன்றைக்கு இடமே இல்லை. அக்காவும் தங்கையும் சின்னச் சின்ன அலங்காரப் பொருள்கள் செய்து விற்றுப் பணம் சேர்க்க ஆரம்பித்தார்கள். பிறகு பெரிய மனிதர்கள் கைகொடுத்தார்கள். 1860-ல் எட்டுப் படுக்கைகளோடு மருத்துவமனை திறந்தது.

இங்கே வேலை பார்த்தவர்களில் வில்லியம் கவர்ஸ் என்பவரை எனக்கு ரொம்பப் பிடிக்கும். நரம்பு நோய்களைப் பற்றி 1880-களில் தடித் தடியாக இரண்டு பாகம் எழுதி, படங்களையும் பெரும்பாலும் தானே வரைந்தார். சுருக்கெழுத்துப் பைத்தியம் வேறு. நோயாளி சொல்வதையெல்லாம் சுருக்கெழுத்தில் எழுதிவைப்பார், மாணவர்களையும் கற்றுக்கொள்ளச் சொல்லி விடாமல் நச்சரிப்பார். சுருக்கெழுத்து தெரிந்த மருத்துவர்களுக்கு என்று ஒரு சங்கமே ஆரம்பித்தார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அவரிடம் 1887-ல் முதுகு வலியோடும் செயலிழந்த கால்களோடும் ஒரு நோயாளி வந்தார். எக்ஸ்ரே கண்டுபிடிக்க இன்னும் எட்டு ஆண்டு இருக்கிறது. முதுகுக்குள் எட்டிப் பார்க்க எந்த வழியும் இல்லை. எந்த இடத்தில் வலி, எதற்குக் கீழே மரத்திருக்கிறது, எந்தத் தசைக்குப் பலம் போய்விட்டது என்று வெளியிலிருந்தே பார்த்து, தண்டுவடத்தை ஒரு கட்டி அழுத்துகிறது, அது இன்ன இடத்தில் இருக்கிறது என்றார் கவர்ஸ். அறுவை மருத்துவர் விக்டர் ஹார்ஸ்லி ஜூன் 9 அன்று அந்த இடத்தைத் திறந்தார். கட்டி இல்லை! இன்னும் கொஞ்சம் மேலே எலும்பை எடுத்துப் பார்த்தார். இருந்தது. கட்டியை எடுத்த பிறகு அந்த நோயாளி எழுந்து நடந்தார். தண்டுவடக் கட்டியை இப்படி வெற்றிகரமாக எடுத்தது உலகத்தில் அதுவே முதல் முறை. நரம்புகளின் பாதை தெரிந்தால், முதுகைத் திறக்காமலே முதுகுக்குள் என்ன நடக்கிறது என்று சொல்லிவிடலாம். நாம் தட்டி விளையாடிய விளையாட்டின் பயனும் அதுதான்.

அந்த விளையாட்டுக்கு ஒரு நல்ல சுத்தியலைக் கொடுத்தது மருத்துவர் அல்ல, அதே மருத்துவமனையின் நர்ஸ். மிஸ் விண்டில் என்று பெயர். 1920-களில் அங்கே வேலை பார்த்தவர். அதற்கு முன்பே சுத்தியல்கள் இருந்தன. அமெரிக்காவில் ஜான் மேடிசன் டெய்லர் 1888-ல் செய்த முக்கோண ரப்பர் தலைச் சுத்தியல் பிரபலம். கார்ட்டூனில் டாக்டர் கையில் வருவது பெரும்பாலும் அதுதான். விண்டில் அம்மையார் கைக்குக் கிடைத்ததை வைத்தே வேலை செய்தார். ஒரு பித்தளைச் சக்கரத்தை எடுத்து, மருத்துவமனையில் வேறு உபயோகத்துக்கு வைத்திருந்த ரப்பர் வளையம் ஒன்றை அதன் விளிம்பில் மாட்டினார். நடுவில் நீளமான மூங்கில் குச்சியைச் செருகினார். சுத்தியல் தயார். வருஷக்கணக்கில் இப்படிச் செய்து, மருத்துவமனையில் தங்கி வேலை பார்த்த இளம் மருத்துவர்களுக்கும் எம்.ஆர்.சி.பி. என்ற உயர் மருத்துவத் தேர்வுக்குப் படித்தவர்களுக்கும் விற்றார். அந்தத் தேர்வு எழுத மதராஸிலிருந்தும் கொழும்பிலிருந்தும் கப்பலேறிப் போன தமிழ் மருத்துவர்கள் உண்டு. அவர்கள் பெட்டியிலும் ஒன்றிரண்டு திரும்பி வந்திருக்கலாம்.

குச்சி ஏன் அவ்வளவு நீளம்? பித்தளைத் தலைக்கு எடை இருக்கிறது. மூங்கில் லேசாக வளையும். குச்சியின் நுனியைத் தளர்வாகப் பிடித்துக்கொண்டு தலையைச் சும்மா விழவிட்டால் போதும், ஒவ்வொரு தட்டும் ஒரே பலத்தில் விழும். கையால் ஓங்கி அடித்தால் வலது காலில் பலமாகவும் இடது காலில் மெல்லவும் பட்டுவிடலாம். அப்படிப் பட்டால் சோதனையே பாழ். ஏன் என்று கொஞ்சம் பொறுத்தால் தெரியும். இன்று சக்கரமும் குச்சியும் பெரும்பாலும் பிளாஸ்டிக்கில் வருகின்றன. பெயர் மட்டும் குவீன் ஸ்கொயர் சுத்தியல் என்றே நிலைத்துவிட்டது. செய்தவர் பெயர் ஒட்டவில்லை. எனக்கு அதில் வருத்தம்தான்.

இப்போது முதுகுக்கு வருவோம். நம் இடுப்புப் பகுதியில் ஐந்து பெரிய முள்ளெலும்புகள் ஒன்றின்மேல் ஒன்றாக இருக்கின்றன. அவற்றுக்குக் கீழே இடுப்புக்கூட்டோடு சேர்ந்த திரிக எலும்பு. தண்டுவடம் கீழே கடைசி வரை வருவதில்லை. பெரியவர்களுக்கு முதல் அல்லது இரண்டாம் இடுப்பு முள்ளெலும்போடு முடிந்துவிடும். அதற்குக் கீழே நரம்புகள் மட்டும் கொத்தாகத் தொங்கும். பழைய மருத்துவர்கள் அந்தக் கொத்துக்குக் குதிரைவால் என்றே பெயர் வைத்துவிட்டார்கள். ஒவ்வொரு முள்ளெலும்பின் பக்கத்திலும் ஒரு சந்து இருக்கிறது. அந்தச் சந்து வழியாக இடது பக்கம் ஒரு நரம்பு, வலது பக்கம் ஒரு நரம்பு வெளியே வந்து காலுக்குப் போகிறது.

இரண்டு முள்ளெலும்புகளுக்கு நடுவில் இருப்பது டிஸ்க். பூரணக் கொழுக்கட்டை தெரியுமல்லவா? டிஸ்க்கும் அப்படித்தான். வெளியே கெட்டியான நார்ச் சுற்று, உள்ளே கொழகொழப்பான பூரணம். வெளிச்சுற்றில் விரிசல் விட்டால் உள்ளே இருப்பது ஓரத்தில் பிதுங்கும். பிதுங்குகிற இடத்தில் நரம்பு இருந்தால் அது நசுங்கும், வீங்கும், காலில் மின்சாரம் பாய்ந்ததுபோல வலி ஓடும். வீட்டில் பெரியவர்கள் "டிஸ்க் விலகிடுச்சு", "ஜவ்வு விலகிடுச்சு" என்று பேசிக்கொள்வது இதைத்தான். உண்மையில் டிஸ்க் எங்கேயும் விலகிப் போவதில்லை, அதே இடத்தில் இருந்துகொண்டு பிதுங்குகிறது. கால் வலிக்கு இந்தப் பிதுக்கம்தான் காரணம் என்று பாஸ்டன் நகரத்து மருத்துவர்கள் மிக்ஸ்டரும் பாரும் 1934-ல் எழுதிய பிறகே உலகம் நம்பியது. சின்னப் பிள்ளைகளுக்கு இது அபூர்வம். ஆகவே நேற்று விளையாடிவிட்டு வந்த உங்கள் முதுகுவலியை இதோடு சேர்க்க வேண்டாம்.

பிதுக்கம் அநேகமாக எல்லோருக்கும் கடைசி இரண்டு டிஸ்க்குகளில்தான் வருகிறது. குனிவதும் தூக்குவதும் உட்கார்ந்தே இருப்பதும் என்று அங்கேதான் பாரம் அதிகம். எந்த டிஸ்க், எந்த நரம்பு? இதைத்தான் சுத்தியல் சொல்ல வேண்டும்.

லண்டனின் வடமேற்கில் ஹாரோ என்று ஒரு பகுதி. ஈழத் தமிழர்கள் நிறையப் பேர் வசிக்கிற இடம். அங்கே ஒரு ஜி.பி.யின் அறையைக் கற்பனை செய்துகொள்வோம். ஜி.பி. என்றால் அந்த வட்டாரத்துக் குடும்ப மருத்துவர். டாக்டரும் தமிழ்ப் பெண், வந்திருக்கிற மாமாவும் தமிழர்.

"எங்க அங்கிள் நோகுது?"

"இடுப்பில தொடங்கி, பின்தொடையால இறங்கி, இந்தச் சின்ன விரல் மட்டும் இழுக்குது டொக்டர். இருமினாக் கூட மின்னல் அடிச்ச மாதிரிக் கிடக்கு."

"விறைப்பு ஏதும் இருக்கோ?"

"இடது பாதத்தின்ர வெளிப்பக்கம் விறைச்சுப் போய்க் கிடக்கு."

டாக்டர் மாமாவை மல்லாக்கப் படுக்கவைத்து, இடது காலை மடக்காமல் மெல்ல மெல்ல உயர்த்துகிறார். பாதி உயரம் வருவதற்குள் "ஐயோ, காணும் காணும்" என்கிறார் மாமா. காலை இப்படி நீட்டித் தூக்கினால் நசுங்கிய நரம்பு இழுபட்டு வலிக்கும். பாரிஸில் லாசேக் என்ற மருத்துவரின் பெயரால் இந்தச் சோதனை விளங்குகிறது. ஆனால் அவருடைய மாணவர் 1881-ல் எழுதுவதற்கு ஓர் ஆண்டு முன்பே, செர்பியாவில் லாசா லாசரேவிச் என்ற மருத்துவர் இதை எழுதிவிட்டார். அவர் அந்த நாட்டின் பேர்பெற்ற சிறுகதை எழுத்தாளரும்கூட.

அடுத்து மாமா படுக்கை விளிம்பில் காலைத் தொங்கப்போட்டு உட்காருகிறார். வலது முழங்காலில் ஒரு தட்டு, இடது முழங்காலில் ஒரு தட்டு. இரண்டும் ஒரே மாதிரி துள்ளுகின்றன. பிறகு அவரை ஒரு நாற்காலியில் மண்டியிட்டு நிற்கச் சொல்கிறார் டாக்டர். பாதம் இரண்டும் நாற்காலிக்கு வெளியே தொங்குகின்றன. குதிகாலுக்கு மேலே, பின்பக்கம், கையால் பிடித்தாலே தெரிகிற தடித்த நாண் இருக்கிறதே, அதில் தட்டுகிறார். வலது பாதம் சட்டென்று ஒரு துள்ளல் துள்ளுகிறது. இடது பாதம் அசையவில்லை. மறுபடி தட்டுகிறார். அசையவில்லை. "கை ரெண்டையும் கோத்து இழுங்கோ அங்கிள்" என்று யெண்ட்ராசிக் தந்திரத்தையும் செய்துபார்க்கிறார். அப்போதும் இல்லை.

"நுனிக்காலில நடந்து காட்டுங்கோ." வலது கால் உயர்கிறது. இடது குதிகால் பாதியில் இறங்கிவிடுகிறது.

டாக்டருக்கு இப்போது ஏறக்குறைய எல்லாம் தெரிந்துவிட்டது. முழங்கால் துள்ளல் மூன்றாம், நான்காம் இடுப்பு நரம்புகள் வழியாகப் போய்வருகிறது. அது நன்றாக இருக்கிறது, அந்த நரம்புகளை விட்டுவிடலாம். குதிகால் துள்ளல் முதல் திரிக நரம்பு வழியாகப் போய்வருகிறது. அது இடது பக்கம் வரவில்லை. சின்ன விரல் பக்கத்து விறைப்பும் அந்த நரம்பின் எல்லைதான். நுனிக்காலில் நிற்க வைக்கிற கெண்டைக்கால் தசையும் அதன் ஆட்சிதான். மூன்றும் ஒரே நரம்பைக் காட்டுகின்றன. அந்த நரம்பை நசுக்கக்கூடிய டிஸ்க் பெரும்பாலும் கடைசி டிஸ்க், ஐந்தாம் இடுப்பு முள்ளெலும்புக்கும் திரிக எலும்புக்கும் நடுவில் இருப்பது. பத்து நிமிடத்தில், ஒரு ரப்பர் வளையச் சுத்தியலால், இவ்வளவும். இடுப்பு நரம்பு வலியில் குதிகால் துள்ளல் காணாமல் போவதை முதலில் கவனித்து எழுதியவர்களில் பாரிஸ் மருத்துவர் பாபின்ஸ்கி முக்கியமானவர். அது 1896.

இனி அந்தச் சமபலத் தட்டின் விஷயம். ஒருவருக்கு இரண்டு காலும் துள்ளாவிட்டால் அதில் பெரிதாக ஒன்றும் இல்லாமல் போகலாம். வயதானவர்கள் பலருக்கு இரண்டு குதிகால் துள்ளலும் தானாகவே மங்கிவிடும். நீரிழிவு நரம்பைத் தின்றிருந்தாலும் அப்படியே. சிலருக்குப் பிறவியிலேயே தொட்டாலே துள்ளும். ஆகவே டாக்டர் தேடுவது துள்ளலை அல்ல, இடதுக்கும் வலதுக்கும் உள்ள வித்தியாசத்தை. தட்டு ஒரே பலத்தில் விழாவிட்டால் அந்த வித்தியாசத்தை எப்படி நம்புவது? விண்டில் அம்மையாரின் மூங்கில் குச்சிக்கு வேலை இங்கேதான்.

ஒரு சங்கடமும் இருக்கிறது. நான்காம் நரம்புக்கு முழங்கால் இருக்கிறது, முதல் திரிக நரம்புக்குக் குதிகால் இருக்கிறது. நடுவில் உள்ள ஐந்தாம் இடுப்பு நரம்புக்கு? அடிக்கடி நசுங்குகிற நரம்புகளில் அதுவும் ஒன்று. ஆனால் நம்பத்தகுந்த மாதிரி தட்டிப் பார்க்க அதற்கு என்று ஓர் இடம் இல்லை. பின்தொடையில் ஒரு நாணைத் தட்டிப் பார்ப்பவர்கள் உண்டு, நன்றாக இருப்பவர்களுக்கே அது சரியாக வராது. அதனால் டாக்டர் வேறு வழியில் போகிறார். கட்டை விரலை மேலே தூக்கச் சொல்லித் தன் விரலால் அதை அழுத்திப் பார்ப்பார், குதிகாலால் நடக்கச் சொல்வார். கட்டை விரல் சோர்ந்துபோய், பாதத்தின் மேல்பக்கம் விறைத்திருந்தால், முழங்காலும் குதிகாலும் ஜோராகத் துள்ளினாலும் ஐந்தாம் நரம்பின் மேல்தான் சந்தேகம். நரம்பு லேசாக நசுங்கியிருக்கும்போது துள்ளல் மாறாமலே இருப்பதும் உண்டு. சுத்தியலை மட்டும் நம்பி 'ஒன்றும் இல்லை' என்று சொல்கிற டாக்டர் அவசரக்காரர்.

துள்ளல் குறைவது ஒரு சேதி என்றால், கூடுவது வேறொரு சேதி. மூளையிலிருந்து இறங்கி வருகிற நரம்புப் பாதை, கீழே இந்த அனிச்சைகளை ஓரளவு அடக்கிவைத்திருக்கிறது. மூளையிலோ தண்டுவடத்தின் மேல்பகுதியிலோ கோளாறு என்றால் அந்த அடக்கம் போய்விடும், கால் தாறுமாறாகத் துள்ளும். அப்போது குவீன் ஸ்கொயர் சுத்தியலைத் திருப்பிப் பிடித்து, குச்சியின் கூரான நுனியால் உள்ளங்காலின் ஓரத்தில் ஒரு கோடு இழுப்பார்கள். சாதாரணமாகக் கட்டை விரல் கீழே மடங்கும். கோளாறு இருந்தால் மேலே தூக்கும். இதுவும் பாபின்ஸ்கி கண்டுபிடித்ததுதான், இதுவும் 1896. வீட்டில் ஒரு வயது ஆகாத குழந்தை இருந்தால் அதன் உள்ளங்காலில் விரலால் மெல்லக் கோடு இழுத்துப் பாருங்கள். பெரும்பாலும் கட்டை விரல் மேலே போகும். அதற்கு நோய் இல்லை, அந்த நரம்புப் பாதை இன்னும் முதிரவில்லை, அவ்வளவுதான்.

சுத்தியலின் வேலையை மின்சாரத்தாலும் செய்யலாம். ஜெர்மானியர் பால் ஹாஃப்மன் 1910-லேயே வழி காட்டினார். முழங்காலுக்குப் பின்னால் உள்ள நரம்பில் மிக லேசான மின் துடிப்பைக் கொடுப்பார்கள். அது தண்டுவடம் வரை போய்த் திரும்பிவந்து கெண்டைக்கால் தசையைத் துடிக்க வைக்கும். பெரியவர்களுக்கு இதற்கு நொடியில் ஆயிரத்தில் 30 பங்கு அளவில் ஆகும். இடது பக்கம் வலதைவிட ஆயிரத்தில் 2 பங்கு தாமதமானாலே டாக்டர் புருவத்தை உயர்த்துவார். முதல் திரிக நரம்பைப் பார்க்க இது நல்ல சோதனை. என்றாலும் எல்லோருக்கும் தேவைப்படாது. குழப்பமான நோயாளிகளை மட்டும் இதற்கு அனுப்புவார்கள்.

"இவ்வளவு எதற்கு? நேராக எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுத்தால் போச்சு" என்று உங்களில் யாரோ கேட்பது காதில் விழுகிறது. மாமாவும் அதையேதான் கேட்டார். ஸ்கேன் அருமையான கருவிதான். அதைச் சாத்தியமாக்கியவர்களில் ஒருவரான பீட்டர் மான்ஸ்ஃபீல்ட் லண்டனில் பிறந்தவர், 2003-ல் நோபல் பரிசு பெற்றவர். ஆனால் ஸ்கேன் எல்லாவற்றையும் காட்டிவிடும், தேவையில்லாததையும் சேர்த்து. முதுகு வலியே இல்லாதவர்களை ஸ்கேன் செய்து பார்த்த ஆய்வுகளைத் தொகுத்து 2015-ல் வெளியிட்டார்கள். இருபது வயதுக்காரர்களில் சுமார் 30 சதவீதம் பேருக்கும், எண்பது வயதுக்காரர்களில் 84 சதவீதம் பேருக்கும் டிஸ்க் புடைத்திருந்தது. அவர்களுக்கு வலியே இல்லை! படத்தில் ஒரு புடைப்பு தெரிகிறது என்பதாலேயே அதுதான் குற்றவாளி என்று பிடிக்க முடியாது. இடது குதிகால் துள்ளவில்லை, ஸ்கேனிலும் இடது பக்கம் அதே நரம்பை டிஸ்க் அழுத்துகிறது என்றால்தான் வழக்கு முடியும். பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டுதல் தருகிற நைஸ் என்ற அமைப்பு, இடுப்புவலிக்கும் காலில் ஓடுகிற வலிக்கும் ஜி.பி. நிலையிலேயே வழக்கமாக ஸ்கேன் எடுக்க வேண்டாம் என்று 2016-ல் சொன்னது. முடிவு சிகிச்சையை மாற்றும் என்றால் மட்டும் எடுக்கலாம்.

ஒரே ஒரு விஷயத்தில் காத்திருக்கவே கூடாது. சைக்கிள் சீட்டில் உட்காரும்போது படுகிற இடம் மரத்துப்போவது, சிறுநீர் கழிக்க முடியாமல் போவது அல்லது தெரியாமலே போய்விடுவது, இரண்டு காலும் சோர்வது. இவை வந்தால் அந்தக் குதிரைவால் கொத்தே மொத்தமாக நசுங்குகிறது என்று அர்த்தம். அன்றைக்கே, அப்போதே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். வீட்டில் பெரியவர்கள் வெட்கப்பட்டுக்கொண்டு சொல்லாமல் இருந்தால் நீங்களாவது கேளுங்கள்.

நம் மாமாவுக்கு அப்படி எதுவும் இல்லை. படுத்தே கிடக்காமல் முடிந்தவரை நடமாடச் சொன்னார் டாக்டர், சில பயிற்சிகளும் கொடுத்தார். பெரும்பாலானவர்களுக்கு வாரங்களிலோ மாதங்களிலோ வலி குறைந்துவிடும். வெளியே பிதுங்கியதை உடம்பின் துப்புரவு செல்கள் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்று கரைத்துவிடுவதும் உண்டு. வலி அடங்காமல், கால் பலமும் குறைந்துகொண்டே போனால்தான் அறுவை சிகிச்சை பற்றிய பேச்சு.

மாமாவின் வலி போய்விடும், நுனிக்காலிலும் நிற்பார் என்று வைத்துக்கொள்வோம். இடது குதிகால் துள்ளல் மட்டும் திரும்பாமலே போகலாம். பலருக்கு அப்படி ஆகிறது. நடையில் அதனால் ஒரு குறையும் தெரியாது, அவருக்கே தெரியாது. பத்து வருஷம் கழித்து வேறு எதற்கோ வேறொரு டாக்டரிடம் போவார். அவர் வலதைத் தட்டுவார், இடதைத் தட்டுவார், இன்னொரு முறை இடதைத் தட்டிவிட்டு நிமிர்ந்து, "முந்தி எப்பவாவது இடுப்பு நொந்து, இந்தக் கால் இழுத்ததோ?" என்று கேட்பார்.